துரு புடிச்ச பழைய பெஞ்ச் வைஸை வீட்லயே ரெடி பண்றது

வடசென்னைல ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காத்து எந்த இரும்பையும் சும்மா விடாது, அதனால காயலாங்கடைல கிடைக்கிற பழைய வைஸ்ல (மேசைல மாட்டி, வேலை செய்யற பொருள இறுக்கிப் புடிக்கற கருவி) பாதி ஸ்க்ரூவே திரும்பாம கிடக்கும். பாத்துட்டு வேணாம்னு வந்துடாதீங்க. பாடில விரிசல் இல்ல, ஸ்க்ரூ ராடுல மரை தேயலன்னா தைரியமா வாங்கலாம், துருவ எடுத்துடலாம், தேஞ்ச மரைய கொண்டுவர முடியாது.

ஜாம் ஆயிருந்தா டீசல் ஊத்தி ஒரு நாள் ஊற விடுங்க. சுத்தியால போடாதீங்க, பாடி வார்ப்பிரும்பு, வளையாது, ஒடஞ்சிரும். கழட்டும்போதே போன்ல போட்டோ எடுத்துக்கோங்க.

அடுத்தது துரு. எல்லாரும் உடனே கிரைண்டர தூக்குவாங்க, தயவுசெஞ்சு வேணாம், துருவோட நல்ல இரும்பும் போயிடும், பாடில வார்த்திருக்கற கம்பெனி எழுத்தும் போயிடும். அதுக்கு பதிலா தண்ணில கரண்ட் விட்டு துருவ எடுக்கலாம். பிளாஸ்டிக் டப்புல மெட்ரோ வாட்டர் குழாய் தண்ணி புடிச்சு (இங்க போர் தண்ணி உப்பு, அது ஆகாது) 5 லிட்டருக்கு ஒரு டேபிள் ஸ்பூன் வாஷிங் சோடா கலக்குங்க, அப்புறம் 12 வோல்ட் பேட்டரி சார்ஜரோட மைனஸ் வைஸ் பார்ட்டுக்கு, பிளஸ் ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுக்கு, ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கணும், ஆனா ஒண்ண ஒண்ணு தொடவே கூடாது. மாத்தி குடுத்தா உங்க பார்ட்டுதான் கரையும். பேட்டரி மாட்டாம புது ஆட்டோமேட்டிக் சார்ஜர் ஓடாது, பழைய டிரான்ஸ்பார்மர் டைப் வேணும். பிளஸ்ல எவர்சில்வர் போடவே போடாதீங்க, அதுல இருக்கற குரோமியம் விஷமா தண்ணில எறங்கும். ஹைட்ரஜன் கேஸ் வரும், அதனால மொட்டை மாடில வைங்க, பக்கத்துல பீடி சிகரெட் கூடாது, சார்ஜர ஆப் பண்ணாம தண்ணில கை விடாதீங்க. அலுமினியம், ஸ்பிரிங் எதையும் இதுல போடக்கூடாது.

பொடிப்பொடியா குமிழி வந்து, மேல பழுப்பு நுரை கட்டும், ஒரு ராத்திரில துரு கறுப்பு மாவா மாறி பிரஷ்ல தேச்சாலே வந்துடும். பிளஸ் தகட்ட பாத்த பக்கம்தான் நல்லா சுத்தமாகும், நடுவுல திருப்பி வைங்க. வெளிய எடுத்த உடனே கழுவி, வெயில்லயோ ஹீட் கன்லயோ காய வச்சு அப்பவே எண்ணெ தடவிடணும், நம்ம ஊரு ஈரத்துல விட்டா கண்ணு முன்னாடியே திரும்ப சிவக்கும். பெயின்ட் அடிக்கற எடத்துக்கு மட்டும் எண்ணெக்கு பதிலா ரெட் ஆக்சைடு பிரைமர் (பெயின்டுக்கு முன்னாடி அடிக்கற துரு தடுப்பு பூச்சு). ஸ்லைடு, மரை ரெண்டுலயும் பெயின்ட் படாம கிரீஸ் மட்டும் வச்சு மாட்டுங்க.