வடசென்னைக்குக் குடிவருகிறீர்களா? முதலில் செப்டிக் டேங்க்கைப் பாருங்கள்

வீடு பார்க்கப் போகும்போது போர் தண்ணீர் உப்பா, ஸ்டேஷன் எவ்வளவு தூரம், அட்வான்ஸ் எத்தனை மாதம் என்று எல்லாரும் கேட்கிறோம். கக்கூஸ் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று அடுக்குமாடியில் வாழ்ந்துவிட்டு வருபவர்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றாது. ஃப்ளஷை அழுத்தியதோடு அங்கே வேலை முடிந்தது. இங்கே பல தெருக்களில் அதற்கப்புறம்தான் ஆரம்பம்.

தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி போன்ற பழைய பகுதிகளில் பாதாளச் சாக்கடை வெகுகாலமாக இருக்கிறது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம், புழல் எல்லாம் 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தவை. அங்கே தெருவுக்குத் தெரு நிலைமை மாறும். தெருவில் மேன்ஹோல் மூடி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். லைன் வந்த பிறகும் பணம் கட்டி இணைப்பு வாங்காமல் பழைய டேங்க்கிலேயே காலத்தை ஓட்டுகிற வீடுகள் உண்டு. மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) கழிவுநீர் இணைப்பு ரசீது இருக்கிறதா என்று ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள். மீஞ்சூர், அத்திப்பட்டு, சோழவரம் பக்கம் போனால் டேங்க்தான் என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள்.

'செப்டிக் டேங்க் இருக்கு' என்று ஓனர் சொல்வதிலும் இரண்டு ரகம். ஒன்று முறையாகக் கட்டிய தொட்டி: அடித்தளம் போட்டு, உள்ளே பூசி, நடுவில் தடுப்புச் சுவரோடு இரண்டு அறை. கனமானது அடியில் சகதியாகப் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போகும். இன்னொன்று, கான்கிரீட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தே விட்ட குழி. இதையும் செப்டிக் டேங்க் என்றுதான் சொல்வார்கள். இதில் கழிவு நேராக மண்ணுக்குள் போகிறது. கட்டிய கொத்தனார் யார், எத்தனை அறை, மூடி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். மூடிக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டி கார் நிறுத்துகிற வீடு என்றால், அடுத்த முறை நிரம்பும்போது டைல்ஸை உடைக்கத்தான் வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

புதிதாக வருபவர்களைத் தடுமாற வைப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற வடகிழக்குப் பருவமழை. கோடை முழுக்கச் சத்தமில்லாமல் இருந்த டேங்க், நவம்பரில் நாலு நாள் மழைக்குப் பிறகு பாத்ரூம் துவாரத்தில் குமிழி விடும், ஃப்ளஷ் மெதுவாக இறங்கும். உடனே கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுவார்கள். லாரி உறிஞ்சிவிட்டுப் போன இரண்டாம் நாளே மறுபடி நிரம்பும். லாரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை நடக்கும். பாவம், அவர் மேல் தப்பே இருக்காது. எர்ணாவூர், எண்ணூர் பக்கம் கடலோர மணல். மழையில் நிலத்தடி நீர் கையெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். அது உறைகளின் இடுக்கு வழியாகவும், பூச்சு விட்ட செங்கல் சுவர் வழியாகவும் உள்ளே கசியும். நீங்கள் காசு கொடுத்து இறைத்தது பாதி நிலத்தடி நீரை. ஏரிக்கரையோரத்துக் களிமண்ணில் கதை வேறு: அங்கே உறிஞ்சு குழி தண்ணீரைக் குடிக்காமல் அப்படியே நிற்கும். நிலம் நீரில் ஊறிக் கிடக்கும்போது டேங்க்கை ஒட்டக் காலி செய்வது ஆபத்தும்கூட. வெளி அழுத்தத்தில் சுவர் உள்வாங்கும், ஃபைபர் டேங்க் என்றால் மேலே எழும்பிவிடும்.

ஆகவே டேங்க் வேலையை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். மழை நாட்களில் உள்ளே விடும் தண்ணீரைக் குறையுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீர், ஆர்.ஓ. கழிவு நீர், மொட்டை மாடி மழைநீர் மூன்றும் எந்த நாளிலும் டேங்க்குக்குள் போகக் கூடாது. பிளம்பரிடம் சொல்லித் தனிக் குழாயில் திருப்புங்கள். டேங்க் வழிவதைத் தெரு மழைநீர் வடிகாலில் திருப்பிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். கேட்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், அந்த வடிகால் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகிறது.

குடிநீர் ஆதாரத்துக்கும் உறிஞ்சு குழிக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. 20-க்கு 60 அடி அரை கிரவுண்டு மனையின் முழு நீளமே அவ்வளவுதான். முன் வாசலில் குழி, பின் சுவரோரம் போர் என்று உங்கள் வீட்டில் சரியாக அமைந்தாலும், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் போரை ஒட்டி இருக்கலாம். எட்டிப் பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் போர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

டேங்க்குக்குள் வேலை செய்வது பாக்டீரியா. ஆசிட்டும் ஃபினாயிலும் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் அதைத்தான் கொல்கிறீர்கள். நாப்கின், டயபர், 'கரையும்' என்று அச்சிட்ட ஈரத் துடைப்பான், சமையல் எண்ணெய், காபித் தூள் எதுவும் போகக் கூடாது. கடையில் விற்கும் பாக்டீரியா பாக்கெட் வாங்கிப் போடத் தேவையில்லை. மலத்தோடு போவதே ஏராளம்.

லாரி எப்போது வேண்டும் என்று தெரிந்துகொள்ள நீளமான சவுக்குக் கொம்பு ஒன்றும் பழைய வெள்ளை வேட்டித் துணியும் போதும். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும். துணி சுற்றிய கொம்பை அடிவரை இறக்கிச் சில நிமிடம் பிடித்து மெதுவாகத் தூக்கினால், சகதி நின்ற உயரம்வரை துணி கறுத்துக் கெட்டியாக ஒட்டியிருக்கும். டேங்க் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் நேரம் வந்துவிட்டது. சாதாரண குடும்பத்துக்கு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை வரும்.

உரிமம் உள்ள லாரியையே கூப்பிடுங்கள். 14420 இதற்கான உதவி எண். மெட்ரோ வாட்டர் புகாருக்கு 1916. வந்தவர், 'சார், அடியில கெட்டியா நிக்குது, ஆளை இறக்கினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்' என்று சொன்னால், கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டுக் கொம்பால் கலக்கி மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். கொஞ்சம் சகதி அடியில் நின்றால் நல்லதுதான். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்கியவர் மேலே வருவதில்லை. காப்பாற்றக் குதிக்கும் இரண்டாவது ஆளும் அப்படித்தான் சாகிறார். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குபவருக்கு, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. 'நான் கான்ட்ராக்டரிடம்தானே சொன்னேன்' என்று வீட்டுக்காரர் தப்பிக்க முடியாது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வைத்தாலும் குற்றம் என்கிறது சட்டம்.

காற்றுப் போக்கிக் குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள். வடசென்னைக் கொசுவுக்கு டேங்க்தான் பிறந்த வீடு.

உங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தால் தள்ளிப்போடாமல் இணைப்பு வாங்கிவிடுங்கள். பழைய டேங்க்கை லாரி வைத்துக் காலி செய்து, மணலோ கட்டட இடிபாடோ போட்டு நிரப்பி மூடுங்கள். மழைநீர்த் தொட்டியாக மாற்றலாமே என்று கொத்தனார் சொன்னாலும் வேண்டாம்.