சேஸ் பெண்டு என்று சொல்வதற்கு முன்னால்

போன மாதம் ஒரு பையன் பட்டறைக்கு வந்தான். வேலைக்குச் சேர்ந்து சேர்த்த காசில் 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்று வாங்கியிருக்கிறான். "இடது பக்கம் வாங்குதுங்ண்ணா. அறுபதுக்கு மேல போனா கை மரத்துப்போகுது. சேஸ் பெண்டுன்னு சொல்லிட்டாங்க. ஏழாயிரம் ஆகுமாம், நாளைக்குக் கழட்டறாங்க" என்றான். யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேட்டேன். அளக்கவில்லை, பார்த்தாலே தெரிகிறதாம். சேஸ் என்றால் வண்டியின் எலும்புக்கூடான இரும்புச் சட்டம், பெண்டு என்றால் அது வளைந்துபோனது.

எனக்கு வயிறு எரிந்தது. 2009-ல் இதே வார்த்தையை நம்பி நானும் ஒரு வண்டியைக் கெடுத்திருக்கிறேன். அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன். பழைய வண்டி நடுங்கினாலோ ஒரு பக்கம் இழுத்தாலோ நாம் செய்கிற தப்புகளைத்தான் ஒவ்வொன்றாக எழுதுகிறேன். டயரில் காற்றுப் பார்க்காதது, செயினுக்கு எண்ணெய் விடாதது எல்லாம் இங்கே வராது. அதைக் காற்றுப் பிடிக்கிறவரே சொல்லிக்கொடுப்பார்.

இரண்டு கோளாறை ஒன்றாக முடிச்சுப் போடுவது

வண்டி நடுங்குவது வேறு, ஒரு பக்கம் இழுப்பது வேறு. இரண்டும் ஒன்றாக வந்தால் காரணமும் ஒன்றுதான் என்று மனசு தானாக முடிவு கட்டிவிடும். பழைய வண்டியில் ஐந்து காரணம் ஒரே நேரத்தில் குடியிருக்கும்.

முதலில் நடுக்கத்தைப் பிரியுங்கள். 18 அங்குல சக்கரம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வினாடிக்குச் சுமார் ஒன்பது சுற்றுதான் சுற்றும். 5000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5000 சுற்று) ஓடும் இன்ஜின் வினாடிக்கு எண்பது சுற்றுக்கு மேல் சுற்றும். அதனால் சக்கரம், டயர், ரிம் கோளாறெல்லாம் உடம்புக்கு ஆட்டமாகத் தெரியும். எண்ணினால் எண்ணிவிடலாம் போல இருக்கும். இன்ஜின் பக்கக் கோளாறு உள்ளங்கையிலும் பாதத்திலும் ரீங்காரமாக ஏறும். எண்ணவே முடியாது.

சந்தேகம் இருந்தால் ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில், நடுக்கம் வருகிற வேகத்தில் க்ளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விடுங்கள். இன்ஜின் இறங்கியதும் நடுக்கம் போய்விட்டால் அது இன்ஜின் பக்கம். போகாமல், வண்டியின் வேகம் குறையக் குறைய நிதானமாகிக்கொண்டே வந்தால் சக்கரத்தின் பக்கம். அப்புறம் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்கு முறுக்குங்கள். நிற்கும்போதும் வந்தால் இன்ஜினுக்குள்ளோ, அதைச் சேஸோடு பிடிக்கும் மவுன்டிங்கிலோ விஷயம் இருக்கிறது. ஓட்டத்தில் இழுக்கும்போது மட்டும் வந்தால் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்துப் பாருங்கள். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீண்டிருக்காது. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் தொளதொளப்பாகவும் இன்னோரிடத்தில் கம்பி போலவும் நிற்கும்.

இதைச் செய்ய ஸ்பேனர்கூட வேண்டாம். ஆனாலும் இதைச் செய்யாமலேயே இன்ஜினைப் பிரித்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

வண்டியின் சுபாவத்தையே கோளாறு என்று நினைப்பது

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-ன் பிஸ்டன் 70 மி.மீ. அகலம், ஒவ்வொரு சுற்றிலும் 90 மி.மீ. ஏறி இறங்குகிறது. ஒற்றை சிலிண்டர், அதிர்வைச் சமன்படுத்தும் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. அது அதிரத்தான் செய்யும். அதே மாடல் நல்ல வண்டி ஒன்றை இரவல் வாங்கி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதற்கு மேல் இருப்பதுதான் உங்கள் வண்டியின் கோளாறு.

அளக்காமல் சூடு வைப்பது

என் கதை இதுதான். எண்பதுகளில் வந்த புல்லட், மூன்றாவது கை. வளைவில் பின்பக்கம் மீன் வால் மாதிரி ஆடியது, ஃபுட்ரெஸ்டில் கால் நிற்கவில்லை. நான் போன பட்டறையில் ஒருவர் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "சேஸ் பெண்டு" என்றார். நூல் பிடிக்கவில்லை, ஸ்கேல் வைக்கவில்லை. நானும் தலையாட்டினேன். மறுநாள் இன்ஜினை இறக்கி, முன்னால் இறங்கும் பைப்பை கேஸ் வைத்துச் சிவக்கச் சூடுபண்ணி, சங்கிலி போட்டு ஜாக்கியால் தள்ளினார்கள். பெயின்டோடு சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம்.

இன்ஜினைத் திரும்ப ஏற்றும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முன் ஸ்டட் (இன்ஜினைப் பிடிக்கும் நீளப் போல்ட்) போக வேண்டிய ஓட்டைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. சுத்தியலால் தட்டி ஏற்றினார். "கொஞ்சம் டைட்டா இருந்தா நல்லதுதான்" என்று ஒரு விளக்கமும் கொடுத்தார்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்பது அந்த சேஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் புரியும். பழைய புல்லட்டில் இன்ஜினை அடியில் தாங்கிப் பிடிக்கும் முழுத் தொட்டில் கிடையாது. முன்னால் ஒற்றைப் பைப் இறங்கி இன்ஜினின் முன்பக்கத்தில் முடிகிறது. பின்பக்கச் சட்டம் இன்ஜினுக்குப் பின்னால் தொடங்குகிறது. நடுவில் இரண்டையும் இணைப்பது இன்ஜினேதான். அதாவது இன்ஜினும் சேஸின் ஒரு துண்டு. போல்ட் தளர்ந்தால் அதிர்வு மட்டும் வராது, சேஸே நெளியும். போல்ட்டை அடித்து ஏற்றினால் இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே இருக்கும். அந்த முறுக்கத்தோடுதான் என் வண்டி ஓடியது. முன்பு கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் தெரிந்தது. இப்போது சிவப்பாக ஏதோ ஒன்று மட்டும் தெரிந்தது.

எட்டு மாதம் கழித்துச் சூடு வைத்த இடத்தின் ஓரத்தில் பெயின்ட் முடி மாதிரி வெடித்திருந்தது. தேய்த்துப் பார்த்தால் உள்ளே இரும்பிலும் கோடு. சிவக்கச் சூடான பைப்பின் ஓரம் பழைய பலத்தோடு இருக்காது, அதிர்வு அங்கேதான் வேலையைக் காட்டும்.

கோவை கணபதிப் பக்கம் லேத் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் சேஸைப் பார்க்கவேயில்லை. "சிலிண்டர் ஹெட்டுக்கும் சேஸுக்கும் நடுவுல ஒரு பட்டை இருக்கணுமே, எங்க தம்பி?" என்றார். நான் வண்டியை வாங்கும்போதே அது இல்லை. இன்ஜின் உச்சியின் ஆட்டத்தை அடக்குவதற்கென்றே வைத்த பட்டை, யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். முன் இன்ஜின் பிளேட்டின் ஓட்டைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் டக் டக் என்றது. ஆக, அன்றைக்கு வளைவில் ஆடியது புஷ்ஷால். கால் நடுங்கியது பட்டை இல்லாததாலும் பிளேட்டாலும். சேஸுக்கு ஒன்றும் இல்லை. இருந்த ஒரே நல்ல பாகத்தைத்தான் நான் காசு கொடுத்துக் கெடுத்தேன்.

சேஸை மாற்றிவிடலாமே என்பீர்கள். சேஸ் நம்பர்தான் ஆர்.சி. புத்தகத்தின் உயிர். மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது நம்பரைத் தேய்த்துப் பிரதி எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் நம்பர் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில்தான் இருக்கும். சூடு வைக்கிறவர்களும் கிரைண்டர் போடுகிறவர்களும் அங்கேதான் கை வைப்பார்கள். பெரியவர் பைப்புக்குள் ஸ்லீவ் விட்டு வெல்டு வைத்துக் கொடுத்தார். விற்கும்போது உள்ளதைச் சொல்லித்தான் விற்றேன். பாதி விலைக்குப் போனது.

நிஜமாகவே வளைந்த சேஸ் தடயம் வைத்திருக்கும். டேங்கைக் கழற்றிவிட்டுக் கழுத்துக்குக் கீழே விரலால் தடவுங்கள். பைப்பில் சுருக்கம், பெயின்டில் குறுக்கு வெடிப்பு, அந்த ஒரு இடத்தில் மட்டும் துரு. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் முட்டி நிற்கும் ஸ்டாப்பர் நசுங்கியிருக்கிறதா, ஒடிந்து வெல்டு வைத்திருக்கிறதா? டேங்கில், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் இடித்த பள்ளம் உண்டா? இதில் எதுவுமே இல்லாமல் சேஸ் பெண்டு என்று ஒருவர் சொன்னால், எங்கே, எத்தனை மி.மீ. என்று கேளுங்கள்.

அளப்பதற்கு மேஸ்திரிகள் பிடிக்கும் நூல் போதும். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, முதலில் ஸ்விங் ஆர்ம் பிவட்டின் (அது சேஸில் ஊன்றி அசையும் இடம்) நடுவிலிருந்து பின் ஆக்சிலின் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து சமமாக்குங்கள். இதைச் செய்யாமல் நூல் பிடித்தால் நூலும் பொய் சொல்லும். அப்புறம் நூலைப் பின் டயரின் பின்னால் சுற்றி, ஸ்டாண்டும் சைலன்சரும் இடிக்காத உயரத்தில் இரண்டு பக்கமும் முன்னால் கொண்டுபோய், பின் டயரின் முன் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இழுத்துக் கட்டுங்கள். முன் சக்கரத்தை நேராக வைத்து, இரண்டு பக்கமும் நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முன்னும் பின்னும் 3.25-19 டயர் போட்ட பழைய புல்லட்டில் நூல் முன் டயரையும் ஏறத்தாழ ஒட்டிக்கொண்டு போகும். ஆர்எக்ஸ் 100-ல் கம்பெனி அளவு முன்னால் 2.50, பின்னால் 2.75, பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. பின்னால் அழகுக்காகத் தடிமன் டயர் போட்டிருந்தால் கணக்கு மாறும், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது மாறாது. சில மாடல்களில் தயாரிப்பிலேயே சில மி.மீ. விலகல் உண்டு, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ரசமட்டம். பின் சக்கர ரிம்மில் செங்குத்தாக வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், முன் சக்கரத்திலும் அதே மாதிரி. தரை கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டிலும் குமிழ் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்தும் ஒன்று நேராகவும் இருந்தால் எங்கேயோ முறுக்கம் இருக்கிறது. அப்போதும் சந்தேக வரிசையில் சேஸ் கடைசி. ஸ்போக்ஸ், வாஷர், புஷ், ஃபோர்க் எல்லாம் அதற்கு முன்னால்.

அட்ஜஸ்டர் கோட்டை நம்புவது

செயின் அட்ஜஸ்டர் பக்கத்தில் ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகள் பழைய வண்டியில் வெறும் அலங்காரம். ஸ்கேல்தான் பேச வேண்டும்.

பஞ்சர் கடையிலிருந்து அப்படியே கிளம்புவது

ஆக்சிலில் சக்கரத்தின் இரு பக்கமும் மாட்டும் குழாய்த் துண்டையும் புஷ் என்றுதான் சொல்வோம். பல வண்டிகளில் பின் சக்கரத்தின் இடது புஷ்ஷும் வலது புஷ்ஷும் ஒரே நீளம் இல்லை. அவசரத்தில் மாற்றிப் போட்டாலும் ஆக்சில் உள்ளே போய்விடும், சக்கரமும் சுற்றும். ஆனால் சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும், செயினும் கோணலாக ஓடும். கழற்றும்போது போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடலாம்: டயர் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. மெதுவாகப் போகும்போதே தூக்கித் தூக்கிப் போடும்.

ரிம் ஆட்டத்துக்கு, ஒரு பேனாவை ஃபோர்க்கில் கட்டி ரிம் ஓரத்தில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றுங்கள். பெரும்பாலான மேனுவல்கள் 2 மி.மீ. வரை விடுகின்றன.

ஹேண்டில்பாரை வளைத்து நேராக்குவது

வண்டி விழுந்தபிறகு ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் பார்க்கும். பெரும்பாலும் எதுவும் வளைந்திருக்காது. ஃபோர்க் கால்கள் கிளாம்ப்பில் முறுக்கிக்கொண்டிருக்கும். ஆக்சில், கீழ் கிளாம்ப், மட்கார்டு போல்ட்களைத் தளர்த்தி, சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டிலைத் திருப்பி, நாலு தடவை முன்பக்கத்தை அமுக்கி விட்டு, இறுக்குங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஃபோர்க் பைப்பை உருவித் தடித்த கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். வளைவு இருந்தால் அடியில் வெளிச்சம் தெரியும்.

கோன் செட்டை இறுக்கி ஆட்டத்தை அடக்குவது

கோன் செட் என்பது ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங். ஆட்டத்தை அடக்க அதை இறுக்காதீர்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் பள்ளத்தில் விழுவது போல நிற்கிறதா? செட்டையே மாற்றுங்கள்.

ஹேண்டில் முனையில் எடை மாட்டுவது

அதிர்வுக்குக் காரணம் தெரிந்தபிறகு மாட்டலாம்.

ரோட்டின் சரிவை மறப்பது

நம் ரோடுகள் தண்ணீர் வடிய இடது ஓரம் சரிந்திருக்கும். இடது பக்கமே ஓட்டுகிறோம். எந்த வண்டியும் கொஞ்சம் இடது பக்கம் வாங்கத்தான் செய்யும். சமதளமான மைதானத்தில் எதிரெதிர்த் திசையில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கையை விட்டு ஓட்டிக் காட்டுகிற வித்தை வேண்டாம்.

அந்த ஆர்எக்ஸ் 100 என்ன ஆச்சு என்றால், பின் சக்கர புஷ்கள் இடம் மாறியிருந்தன. சரியாக மாற்றி மாட்டியதும் நூல் நேரானது. இன்ஜினின் கீழ் போல்ட் நட்டு ஒன்று கையாலேயே சுற்றியது. எல்லா மவுன்டிங்கையும் தளர்த்தி, இன்ஜினைத் தானாக உட்கார விட்டு, ஓரிடத்தில் இருந்த சந்துக்கு மெல்லிய வாஷர் கொடுத்து இறுக்கினோம். டேங்குக்கு அடியில் ரப்பரே இல்லை, அதையும் வாங்கிப் போட்டோம். மொத்தமே முந்நூறு ரூபாய்க்குள். இழுப்பது நின்றுவிட்டது. எழுபதில் இன்னும் லேசாகக் கை கூசுகிறதாம், க்ளட்ச் பிடித்தால் போய்விடுகிறதாம். இன்ஜினுக்குள் இருக்கும் கிராங்க் பேரிங்கா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். என் நூல் கண்டும் அவனிடம்தான் இருக்கிறது.