பறக்கும் செங்கல் ஆசை: வால்வோ 240-ஐ ரேஸ் கார்போலக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1985-இல் ஐரோப்பிய டூரிங் கார் (ஷோரூம் கார்களை மாற்றி ஓட்டும் பந்தயம்) பட்டத்தை ஜியான்ஃப்ராங்கோ பிரான்கடெல்லியும் தாமஸ் லிண்ட்ஸ்ட்ரோமும் வென்றது வால்வோ 240 டர்போவில். அதே ஆண்டு ஜெர்மனியின் டூரிங் கார் பட்டம் பெர் ஸ்டூரெசனுக்குப் போனது. அவர் ஓட்டியதும் இதே கார்தான். 1986-இல் ராபி ஃபிரான்செவிக் இதே காரில் ஆஸ்திரேலியப் பட்டத்தை எடுத்தார். பெட்டி போன்ற குடும்பக் கார் இப்படி ஜெயித்ததால்தான் ‘பறக்கும் செங்கல்’ என்று பெயர் வந்தது. அதைச் சின்ன வயதில் பார்த்து மயங்கியவர்கள் இன்று பழைய 240 ஒன்றை வாங்கி அதேபோலக் கட்டுகிறார்கள்.

முதல் தவறு, நினைவை நம்பிக் கட்டுவது. பத்துப் பந்தயங்களும் மூன்று நான்கு கார்களும் மனதில் ஒன்றாகக் கலந்துபோயிருக்கும். விளைவு, அகலமான மட்கார்டு விரிப்புகளை ஒட்டி, பின்னால் பெரிய இறக்கையும் வைத்துவிடுகிறார்கள். அந்த விரிப்புகள் எழுபதுகளின் குரூப் 5 என்ற பந்தயப் பிரிவின் கார்களுக்கு உரியவை. 240 ஓடியது குரூப் ஏ என்ற பிரிவின் விதியில்: 12 மாதத்தில் 5,000 கார் தயாரித்திருக்க வேண்டும், மேம்பட்ட வகை என்றால் 500. பாடியின் வடிவம் ஷோரூம் காருடையதாகவே இருக்க வேண்டும். எஞ்சின் அளவுகூட விதியோடு பொருந்தியதுதான். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இருந்தால் அளவை 1.4-ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டும்; 2,127 சி.சி.யைப் பெருக்கினால் 2,978. மூன்று லிட்டர் வரம்புக்குள் அடங்கிவிடும். ஆகவே ஒரே பந்தயத்தில் ஓடிய ஒரே காரைத் தேர்ந்தெடுத்து, அதன் நான்கு பக்கப் படங்களையும் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்டிக்கரின் இடம்வரை அந்தப் படமே அளவுகோல்.

அடுத்தது, எஞ்சின் பாகங்களை முதலில் வாங்குவது. கார்ப்பெட்டைத் தூக்கித் தரையையும், ஜாக் வைக்கும் இடங்களையும், முன் கண்ணாடி ரப்பரின் அடியையும் துருவுக்காகப் பார்க்காமல் ஒரு பைசா செலவழிக்காதீர்கள். 1980 முதல் 1987 வரையிலான கார்களில் எஞ்சின் ஒயரிங்கின் மேலுறை வெப்பத்தில் பொடிந்து உதிரும். அதன்மேல் டர்போவின் சூடும் சேர்ந்தால் ஷார்ட் ஆகும். ஒயரிங் கட்டு முழுவதையும் மாற்றுவதுதான் வழி. டேப் சுற்றுவது பலன் தராது.

240-இன் பிந்தைய எஞ்சினான பி230-இல் 1985–88 வரை வந்த கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) மெல்லியது, 9 மி.மீ. பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, கூட்டினால் வளையும். 1990-க்குப் பிந்தைய எஞ்சினில் 13 மி.மீ. ராட் இருக்கும், அதைத் தேடுங்கள். டர்போ இல்லாத பி230எஃப்-இன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவு) 9.8, டர்போவுக்கென்றே வந்த பி230எஃப்டி-யில் 8.7. முதலாவதில் டர்போ மாட்டுவதானால் 0.5 பார் அளவில் நிறுத்துங்கள். இஞ்செக்டர், ஏர் மாஸ் மீட்டர் (உள்ளே வரும் காற்றை அளக்கும் கருவி), இக்னிஷன் பெட்டி மூன்றும் வால்வோவின் 740 அல்லது 940 டர்போ காரிலிருந்து ஒரே செட்டாக வர வேண்டும். பழைய இக்னிஷன் பெட்டியை விட்டுவைத்தால் பூஸ்ட்டின்போது டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) குறையாது. நாக் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) ஏற்பட்டு பிஸ்டன் உடையும்.

காரைத் தாழ்த்தும்போது 40 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் பின் அச்சு ஒரு பக்கமாக நகர்ந்துவிடும், ஏனென்றால் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பன்ஹார்ட் ராடின் நீளம் மாறவில்லை. நீளத்தைச் சரிசெய்யக்கூடிய ராடை அதே வாரத்தில் போடுங்கள். ரிம் வாங்குகையில் 5×108 (ஐந்து போல்ட், 108 மி.மீ. வட்டம்) என்ற எண் பொருந்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஃபோர்டு ரிம்மின் நடுத்துளை 63.4 மி.மீ., 240-இன் ஹப் 65.1. கடைசல் போடாமல் உட்காராது. பிந்தைய முன்சக்கர இயக்க வால்வோக்களின் ரிம் ஹப்பில் உட்காரும், ஆனால் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம்வரை உள்ள தூரம்) 43 மி.மீ. என்பதால் உள்ளே புதைந்து நிற்கும். 240-க்கு அது 20 அளவில் வேண்டும். 16 அங்குலத்துக்கு 205/50 டயர் போட்டால் பழைய 185/70 ஆர்14-இன் விட்டமே வரும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது.

பிரேக்கில்தான் உயிருக்கு ஆபத்தான தவறு நடக்கிறது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத 240-இல் முன் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) ஒவ்வொன்றிலும் நான்கு பிஸ்டன், இரண்டு பிரேக் லைன். பிரேக் ஆயில் இரண்டு தனிச் சர்க்யூட்டுகளில் ஓடும்; ஒவ்வொரு சர்க்யூட்டும் இரண்டு முன் சக்கரங்களையும் ஒரு பின் சக்கரத்தையும் பிடிக்கும். ஒன்று கசிந்தாலும் கார் நேராக நிற்கும். ரேஸ் காலிப்பரில் ஒரே லைன்தான் வரும். அதனால் இரண்டு குழாயையும் ‘டி’ ஜாயின்ட்டில் இணைத்துவிடுகிறார்கள். அதோடு இரண்டு சர்க்யூட்டும் ஒன்றாகிவிட்டது. எங்கே கசிந்தாலும் பெடல் தரையைத் தொடும், நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. புதிய காலிப்பர்தான் வேண்டும் என்றால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று குழாய்களை முழுதாக மாற்றி, அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டரும் போட வேண்டும். சாலையில் ஓடும் காருக்கு அசல் காலிப்பரைப் பிரித்து சீல் மாற்றி, புது ஹோஸும் டாட் 4 ஆயிலும் போடுவதே எங்கள் பரிந்துரை. ரேஸ் பேட் வேண்டாம். சூடாகும்வரை அது பிடிக்காது. காலையில் முதல் சிக்னலில் கார் நிற்காது.

ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் காக்கும் குழாய்க் கூண்டு) அழகுக்குப் போடுவது அல்ல. பிரதான வளைவுக்கு 45×2.5 மி.மீ. தையலில்லா எஃகுக் குழாய். அதன் ஒவ்வொரு காலின் அடியிலும் 3 மி.மீ. கனமும் குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகட்டை பாடியில் வெல்டு செய்து, மூன்று எம்8 போல்ட் போட வேண்டும். வெறும் தரைத்தகட்டில் போல்ட் போட்டால் கவிழும்போது குழாய் தகட்டைக் கிழித்து இறங்கும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் காரில் தலைக்கு அருகே குழாய் இருந்தால், சின்ன மோதலே மண்டையை உடைக்கும். தினமும் ஓட்டுவதாக இருந்தால் பின் சீட் பக்கம் மட்டும் அரைக் கேஜ் போடுங்கள். முன் சீட்டில் கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட்டையே விட்டுவையுங்கள். நான்கு முனை ஹார்னஸில் கால்களுக்கிடையே வார் இல்லாததால் மோதலில் உடல் அடியில் வழுக்கி, இடுப்பு வார் வயிற்றில் ஏறிவிடும்.