எந்தப் பண்டிகைக்குப் பள்ளியை மூடுவது? காலண்டர் கமிட்டிக்குப் போகும் பெற்றோருக்கு

அமெரிக்காவில் உங்கள் பிள்ளை படிக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்து "காலண்டர் கமிட்டிக்குப் பெற்றோர் தேவை" என்று மெயில் வந்தால் தயவுசெய்து பெயர் கொடுத்துவிடுங்கள். பள்ளி எந்தெந்த நாளில் மூடும் என்ற வருட அட்டவணையை வரையும் குழு அது, நான் இரண்டு வருடம் அதில் இருந்தேன். டிஸ்ட்ரிக்டின் முடிவுகளை எடுக்கும் போர்டு ஓட்டெடுக்கும் அன்று எல்லாரும் திரண்டு வருகிறார்கள், மைக்கில் உருக்கமாகப் பேசுகிறார்கள், ஆனால் அதற்குப் பல மாதம் முன்பே வரைவு தயாராகும்போது முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அங்கே எதை வைத்து முடிவெடுப்பது என்று எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். "கிறிஸ்துமஸுக்கு மூடுகிறார்கள், தீபாவளிக்கு ஏன் மூடக்கூடாது?" என்பது நியாயமான ஆதங்கம்தான், நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன். ஆனால் ஒரு மதத்துக்கு மரியாதை செய்வதற்காக அரசுப் பள்ளியை மூட முடியாது, அரசு எந்த மதத்தையும் ஆதரிக்கக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அதற்கு இடம் கொடுக்காது. அன்றைக்குப் பள்ளியைத் திறந்தால் பாடம் ஒழுங்காக நடக்குமா என்பதுதான் கமிட்டி கேட்க வேண்டியது. நீதிமன்றங்களும் இதைத்தான் பார்த்திருக்கின்றன. இல்லினாய் மாநிலம் முழுக்கப் புனித வெள்ளிக்குப் பள்ளிகளை மூடச் சொன்ன சட்டத்தை 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது, ஏனென்றால் மதம் சாராத காரணம் ஒன்றை மாநிலத்தால் காட்ட முடியவில்லை. மேரிலாந்தின் மான்ட்கொமரி கவுண்டியில் ஈஸ்டரை ஒட்டிப் பள்ளிகளை மூடுவதை எதிர்த்து வந்த வழக்கில் 1999-ல் தீர்ப்பு நேர்மாறாக வந்தது. அந்த நாட்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் பெரிய அளவில் வரமாட்டார்கள் என்பது அங்கே காரணமாக நின்றது.

அதனால் எண்ணிக்கை வேண்டும். ஊரில் எத்தனை இந்துக்கள், எத்தனை முஸ்லிம்கள் என்ற எண்ணிக்கை இல்லை. காலி இருக்கைகளின் எண்ணிக்கை. டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அட்டெண்டன்ஸ் இருக்கும், கேளுங்கள். பண்டிகை நாளை வருட சராசரியோடு ஒப்பிடக் கூடாது, பண்டிகை வெள்ளிக்கிழமை வந்திருந்தால் முந்தைய இரண்டு மூன்று வெள்ளிக்கிழமைகளோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் வெள்ளிக்கிழமைகளில் எப்போதுமே கொஞ்சம் பேர் வருவதில்லை. மொத்த டிஸ்ட்ரிக்ட் கணக்கை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். மொத்தத்தில் சின்னதாகத் தெரிவது ஒரே ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பில் பாதியாக இருக்கலாம். மிஷிகனின் டியர்பார்னில் முஸ்லிம்களின் பெருநாளுக்குப் பள்ளிகளை மூடுவது அங்கே முஸ்லிம்கள் நிறைய வாழ்கிறார்கள் என்பதால்தான், அதே மாநிலத்தில் வேறொரு ஊருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இந்த எண்ணில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அன்று பரீட்சை இருந்தால் பிள்ளை பண்டிகையை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விடும், லீவு எடுத்தால் "காரணமில்லாத ஆப்சென்ட்" என்று பதிவாகும் என்ற பயத்திலும் போய்விடும். அப்புறம் கமிட்டியில் "எல்லாரும்தான் வந்திருக்கிறார்களே" என்பார்கள். பயத்தில் வந்த பிள்ளையும் சும்மா வந்த பிள்ளையும் ஷீட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஆகவே மதப் பண்டிகை லீவுக்குத் தனிக் குறியீடு கொடுக்கச் சொல்லுங்கள், இரண்டு வருடம் தண்டனையில்லாமல் லீவு எடுக்க விடுங்கள், அதற்கப்புறம் எண்ணுங்கள்.

மாணவர்களைவிட ஆசிரியர்கள் எத்தனை பேர் வரமாட்டார்கள் என்பதே பல சமயம் முடிவைத் தீர்மானிக்கிறது. நியூயார்க் நகரப் பள்ளிகள் யூதப் பண்டிகைகளுக்கு மூடும் வழக்கம் வந்ததற்கு, அங்கே ஆசிரியர்களில் பெரும்பகுதி யூதர்களாக இருந்தது முக்கியமான காரணம். பிரின்சிபாலிடம் நேராகக் கேளுங்கள்: சாதாரண நாளில் உங்களுக்கு எத்தனை சப்ஸ்டிட்யூட் டீச்சர் கிடைப்பார்கள்? அதைவிட அதிகம் பேர் லீவு கேட்டால் இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்த்து ஜிம்மில் உட்கார வைப்பதுதான் நடக்கும், அது பள்ளி நாளே இல்லை. மத காரணத்துக்கு லீவு கேட்கும் ஊழியரை மறுப்பதும் இப்போது முன்போல எளிதில்லை, மறுக்க நிர்வாகம் காட்ட வேண்டிய சிரமத்தின் அளவை 2023-ல் உச்ச நீதிமன்றம் க்ராஃப் வழக்கில் உயர்த்திவிட்டது.

சரி, தேதிக்கு வருவோம். நம்மவர்களே இதில் சறுக்குகிறோம். நியூயார்க் மாநிலம் 2023-ல் சட்டம் போட்டு, நகரப் பள்ளிகள் முதல்முறையாக தீபாவளிக்கு மூடியது 2024 நவம்பர் 1. அந்த வருடம் தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 31. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி போடும் வீட்டுக்கும், மாலையில் லட்சுமி பூஜை செய்யும் வீட்டுக்கும் நாள் வேறுபடலாம் என்று கமிட்டியில் யாராவது சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். அதேபோல யூதப் பண்டிகை முந்தைய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும், அன்று மாலை பெற்றோர் கூட்டம் வைக்கக் கூடாது. பெருநாள் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும், பிறை பார்த்து ஒரு நாள் மாறலாம், சில வருடங்களில் கோடை விடுமுறைக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே பெயரை மட்டும் எழுதி வைக்காமல் அடுத்த ஐந்து வருடத் தேதிகளை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். சனி ஞாயிறில் விழுபவற்றைத் தள்ளினால் சண்டை பாதியாகிவிடும்.

மூடும் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு. நிறைய மாநிலங்களில் 180 நாள் பள்ளி நடந்தாக வேண்டும், ஒரு நாள் கொடுத்தால் ஜூனில் ஒரு நாள் கூடும். நாம் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்த்துவிடுவோம், மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் அம்மா அன்று பிள்ளையை யாரிடம் விடுவார்? பள்ளி மதிய உணவை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அன்று சாப்பாடு? இதைக் கேட்காமல் பண்டிகைப் பட்டியலை நீட்டினால் எனக்கு மனது ஒப்பாது. ஆசிரியர் பயிற்சி நாளை எப்படியும் எங்கேயோ வைக்கத்தான் போகிறார்கள், அதைப் பண்டிகை நாளில் வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். ஆனால் அன்று விடுப்பு வேண்டிய ஆசிரியருக்கு அது கிடைக்க வேண்டும்.

இவ்வளவு எண்ணியும் பெரும்பாலான பண்டிகைகளுக்குப் பள்ளி திறந்துதான் இருக்கும். எனக்கு இந்த இடம்தான் மிக முக்கியம். என் பெண் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது தீபாவளியன்று கெமிஸ்ட்ரி டெஸ்ட். காலை ஐந்து மணிக்கு எழுந்து எண்ணெய் வைத்துக் குளித்து, ஈரம் காயாத தலையோடு பஸ் ஏறினாள். முந்தைய வாரமே டீச்சரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "இதற்கு நீ என்ன செய்வாய் என்று எனக்கு விளக்கிச் சொல், அப்புறம் பார்க்கலாம்" என்றிருக்கிறார். பதினான்கு வயதுப் பிள்ளை வகுப்பு முன்னால் நின்று தன் மதத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டு, கடைசியில் வேண்டாமென்று டெஸ்ட் எழுதிவிட்டு வந்தாள். அவள் அதைச் சொன்னபோது நான்தான் அழுதேன்.

ஆகவே மூடாத நாட்களுக்கு எழுத்தில் விதி வேண்டும். அன்று டெஸ்ட் கிடையாது, புதுப் பாடம் தொடங்குவதில்லை, ஹோம்வொர்க் கெடு வைப்பதில்லை, விளையாட்டு அணித் தேர்வு, நாடகத் தேர்வு எதுவும் வேண்டாம். பெற்றோர் ஒரு வரி எழுதினால் போதும், காரணம் விளக்கத் தேவையில்லை. முழு வருகைச் சான்றிதழ் கொடுப்பார்கள் என்றால் இந்த லீவு அதைக் கெடுக்கக் கூடாது. ஒரே ஒரு சீக்கியப் பிள்ளை இருக்கும் பள்ளியிலும் இந்த விதி நடக்கும், அங்கே காலி இருக்கைக் கணக்கு என்றைக்குமே போதாது.

அளவுகோலை முதலில் எழுதுங்கள், பண்டிகைப் பெயர்களை அப்புறம் கொண்டுவாருங்கள். பெயரை முதலில் வைத்தால் அளவுகோல் அதற்கேற்ப வளையும். அடுத்தவர் பண்டிகையைக் கைகாட்டி "எங்களுக்கு இல்லையென்றால் அவர்களுக்கும் வேண்டாம்" என்ற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். 2005-ல் ஃப்ளோரிடாவின் ஹில்ஸ்பரோ கவுண்டியில் முஸ்லிம்கள் பெருநாளுக்கு ஒரு நாள் கேட்டார்கள், போர்டு எல்லா மத விடுமுறைகளையும் நீக்கிவிட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் பழையவை திரும்பி வந்தன, பெருநாளுக்கு மட்டும் நாள் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் மேல்தான் ஊர்க் கோபம் முழுக்க விழுந்தது. ஆகவே போர்டு கூட்டத்துக்குப் போகும்போது முஸ்லிம், யூத, சீனப் பெற்றோரோடு சேர்ந்து போங்கள். பேச ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், பண்டிகையின் பெருமையைச் சொல்லி அதைச் செலவழிக்காமல் அட்டெண்டன்ஸ் தாளை ஒருவர் காட்டட்டும், டெஸ்ட் இல்லா நாள் விதியை இன்னொருவர் வாசிக்கட்டும்.

விதி பாஸ் ஆனதும் வேலை முடியவில்லை, அது டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் ஒரு மூலையில் கிடந்தால் எந்த ஆசிரியரும் பார்க்கப் போவதில்லை. எங்கள் டிஸ்ட்ரிக்டில் ஆகஸ்டில் ஆசிரியர்கள் டெஸ்ட் தேதி குறிக்கும் ஆன்லைன் காலண்டரிலேயே அந்த நாட்களைச் சாம்பல் நிறமாக்கச் சொன்னோம். இப்போது அந்தத் தேதியைத் தொட்டால் டெஸ்ட் போட இடம் கொடுக்காது, எந்தப் பிள்ளையும் போய்க் கேட்க வேண்டியதில்லை.