டெஸ்க்டாப்பில் நீங்களே ரேம் கூட்டலாம்

கம்ப்யூட்டர் திணறினால் உடனே ரேம் (ஓடும் புரோகிராம்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) வாங்க ஓடாதீர்கள். வழக்கமாகத் திறந்து வைப்பதையெல்லாம் ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி 85, 90 சதவீதத்தில் நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதிகூட நிரம்பாமல் டிஸ்க் மட்டும் 100-ஐத் தொட்டால் பழைய ஹார்டு டிஸ்க்தான் இழுக்கிறது; அந்தப் பணத்தை, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குப் போடுங்கள்.

வாங்கும் முன்

ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை, எத்தனை காலி என்பதை அதே மெமரி பக்கம் சொல்லும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் வகைகளில் உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். டிடிஆர்3-க்கு 240 பின் (அடியிலுள்ள தங்க நிறப் பற்கள்). டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. ஆனாலும் ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் ஏறாது, அடியிலுள்ள வெட்டின் இடம் மாறியிருக்கும். வேகம் வெவ்வேறாக இருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும், ஆனால் 3200 வேக ரேமை 2666 வேக ரேமுடன் போட்டால் இரண்டும் 2666-இல்தான் ஓடும். லேப்டாப் ரேம் நீளத்தில் ஏறக்குறைய பாதிதான். கடையில் டெஸ்க்டாப்புக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

திறப்பது

ஷட் டவுன் செய்தால் மட்டும் கரண்ட் நிற்காது. பவர் கார்டு செருகியிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) 5 வோல்ட் மின்சாரத்தை, எல்லாப் பாகங்களும் இணையும் மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். யுபிஎஸ்ஸை அணைத்துவிட்டோமே என்றும் விடாதீர்கள். கேபினட்டின் பின்னாலிருந்து கார்டையே உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தால் மங்கி அணையும். அதன் பிறகு பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூதான். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். அதன் கெபாசிட்டர்களில் கார்டைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

உடம்பில் சேரும் நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாமல் சிப்பைக் கெடுத்துவிடும். கேபினட்டில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை முதலில் தொடுங்கள், வேலையின் நடுவிலும் அடிக்கடி தொடுங்கள்.

பொருத்துவது

ரேம் கூட்டிய பிறகு திரை வராமல் போவதற்கு முக்கியக் காரணம் ஒன்றுதான்: ரேம் முழுசாக இறங்கியிருக்காது. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

ரேமை ஓரத்தில் பிடியுங்கள், தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது. ஸ்லாட்டின் கிளிப்பை வெளியே தள்ளி, வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் திருப்பிப் பிடியுங்கள், அமுக்கிப் பார்க்க வேண்டாம். சரியாக நின்றதும் இரு முனையிலும் கட்டைவிரல் வைத்து நேராகக் கீழே அழுத்துங்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு கிளிப் தானாக மேலேறி ரேமைக் கவ்வ வேண்டும். கிளிப்பைக் கையால் மூடினால் அது பூட்டியதாகாது. ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டுகளில் கிளிப் இல்லாத முனைதான் ஏமாற்றும். குனிந்து பக்கவாட்டில் பாருங்கள், ரேம் சாய்வாகத் தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை.

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் என்றால், பெரும்பாலானவற்றில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. அடுத்தடுத்துச் செருகினால் இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் இயங்கித் தரும் இரட்டைச் சேனல் வேகம் கிடைக்காமல் போகலாம். போர்டின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திரை வராவிட்டால்

டிடிஆர்5 என்றால் அவசரப்படாதீர்கள். முதல் தடவை போர்டு புது ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அப்புறமும் வரவில்லை, பீப் சத்தம் கேட்கிறது என்றால் பவர் கார்டை உருவிவிட்டு ஒரே ஒரு ரேமோடு முயலுங்கள். பழைய ரேமின் பற்கள் கறுத்திருந்தால் வெள்ளை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். கை பட்டு வேறு கேபிள் தளர்ந்ததா, தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் செருகினீர்களா என்றும் பாருங்கள்.

விண்டோஸ் வந்ததும் மெமரி பக்கத்தில் மொத்த அளவைச் சரிபாருங்கள். எல்லா ரேமும் 3200 ஆக இருந்தும் வேகம் 2133 அல்லது 2666 என்று காட்டினால், பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்), ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். கடைசியாக விண்டோஸிலேயே உள்ள ரேம் சோதனையான விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும், மறுபடி செருகிச் சோதித்து, அப்போதும் வந்தால் ரேமை வாரன்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.