ஆடத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே வகுப்பில்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நவீன நடன வகுப்பு நடத்துகிறேன். பத்து வருடம் பரதம் படித்த பெண் ஒருத்தி, கல்லூரி விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடும் பையன்கள் இரண்டு பேர், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் என்று கலந்துகட்டி வருகிறார்கள். இப்படி ஒரு வகுப்பைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இவர்களைப் பிரிக்காதீர்கள். அடவு, அதாவது வகுத்துவைத்த ஆட்ட அசைவு, சொல்லிக்கொடுத்தால்தான் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சே வருகிறது. 'கையை இப்படி நீட்டுங்கள்' என்றால் பரதம் படித்தவள் அழகாக நீட்டிவிடுவாள். தபால்காரர் அவளைப் பார்த்தே தடுமாறுவார். 'முழங்கை எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே உடம்பு போகட்டும்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு பேருக்கும் அது புதுசு. இருவருமே யோசிக்க வேண்டியிருக்கும்.

இடத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் மாடித் தளம் ஆறு மணிக்கும் சுடும். நாலரைக்கே தண்ணீர் தெளித்து ஆறவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஆட்களை ஏற்றுகிறேன். ஈரத் தரையில் ஒருவரையும் நிற்க வைக்காதீர்கள். சிமெண்டுத் தரையில் குதிக்கவும் வேண்டாம், முழங்கால் தாங்காது. பத்தமடைப் பாய் படுப்பதற்கு மட்டும்தான். அதன்மேல் ஆடினால் வழுக்கும்.

முதல் இருபது நிமிடம் வெறும் நடை. மாடி முழுக்க எல்லோரும் நடக்க வேண்டும். எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே போக வேண்டும். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், ஒருவர் கிளம்பினால் எல்லோரும் கிளம்ப வேண்டும். யார் நிற்பது, யார் கிளம்புவது என்று நீங்கள் சொல்லக் கூடாது. முதல் நாள் சிரிப்பாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். மூன்றாவது வாரம் பன்னிரண்டு பேரும் ஒரே நொடியில் நிற்பார்கள்.

அப்புறம் துண்டு. என் வகுப்பின் உயிரே இதுதான்.

ஒருவர் உடம்பில் ஒருவர் எடையைச் சாய்த்து, அந்தத் தொடுகையிலிருந்தே அசைவைக் கண்டுபிடிக்கும் முறையை 1972-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் பாக்ஸ்டன் என்ற நடனக் கலைஞர் தொடங்கினார். காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த முறை. ஆனால் அறிமுகமே இல்லாத ஆணும் பெண்ணும் முதல் நாளே முதுகோடு முதுகு சாயுங்கள் என்று இங்கே சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதனால் நடுவில் ஓர் ஈரிழைத் துண்டைக் கொடுத்தேன்.

இருவர் எதிரெதிரே நிற்கட்டும். ஆளுக்கொரு முனை. துண்டைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடிக்க வேண்டும். பாதங்கள் கிட்டக்கிட்ட, முழங்கால் லேசாக மடங்கி. இப்போது இருவரும் மெதுவாகப் பின்னால் சாய வேண்டும். துண்டு விறைக்கும். எடை கூடியவர் கொஞ்சமாகச் சாய்ந்தால் போதும். யார் 'போதும்' என்றாலும் இருவரும் நிமிர்ந்துவிட வேண்டும். துண்டை மட்டும் பட்டென்று விடவே கூடாது. அந்த விறைப்பு தளராமல் இருவரும் உட்கார்ந்து எழட்டும். அப்புறம் சுற்றிவரட்டும். எந்தப் பக்கம் போவது என்று துண்டே சொல்லிவிடும்.

பீடி சுற்றும் அக்கா முதல் நாள், "நான் என்னத்தம்மா ஆடப் போறேன், உக்காந்து உக்காந்தே இடுப்பு செத்துப் போச்சு" என்று சுவரோரம் நின்றார். தபால்காரருக்கு எதிரே நிறுத்தினேன். பாதி இறங்கும்போதே, "அண்ணாச்சி, உங்க பக்கம் தொய்யுது" என்றார். எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. இலை கிழியாமல் இழுத்துச் சுற்றிப் பழகிய விரல் அது. இருவரும் தரைவரை போய், கை ஊன்றாமல் எழுந்தார்கள். அன்றைக்கு அந்த மாடியில் அந்த அக்காவைவிடக் கூர்ந்து கவனித்து ஆடியவர் யாரும் இல்லை.

பழகிய பிறகு துண்டை எடுத்துவிட்டுத் தோளோடு தோள் சாயலாம். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது.

பரதம் படித்தவர்களிடம் கொஞ்சம் பொறுமை வேண்டும். என்ன சொன்னாலும் கை முத்திரைக்குப் போய்விடும். அதைத் தப்பு என்று சொல்லாதீர்கள். நடனக் கலைஞர் சந்திரலேகா 1985-இல் 'அங்கிகா' என்ற நடனப் படைப்பை உருவாக்கியபோது பரதத்தைத் தூக்கி எறியவில்லை. களரி என்ற கேரளத் தற்காப்புக் கலையையும் யோகாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 'அதே முத்திரையை முதுகால் செய்ய முடியுமா?' என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் பரதம் படித்த பெண் அந்தக் கேள்வியோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினாள்.

முதல் மாதம் பாட்டே போடாதீர்கள். சினிமாப் பாட்டு கேட்டால் பையன்களுக்குத் தெரிந்த ஸ்டெப்தான் வரும். பிறகு நான் மகுடம் என்ற தோல்வாத்தியத்தின் இசையைப் போடுவேன். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவி கதை பாட, மகுடத்தின் அடி மாற மாற, சலங்கை கட்டியவர்களின் ஆட்டமும் மாறும். உடனுக்குடன் ஆடுவது நமக்குப் புதுசு இல்லை என்று பையன்களுக்கு அதில்தான் புரிந்தது.

கடைசிப் பதினைந்து நிமிடம் பாதிப் பேர் ஆட, பாதிப் பேர் பார்க்கட்டும். பார்த்தவர்கள் 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லக் கூடாது. பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். 'அவர் நின்றபோது நீங்கள் மட்டும் மூச்சு வாங்கினீர்கள்' என்று தபால்காரர் ஒருநாள் சொன்னார். அப்படி.

துண்டுகளை வாராவாரம் துவைத்து, ஓரம் பிரிந்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். நைந்ததைத் தரை துடைக்கப் போட்டுவிடுங்கள்.