மலைக்குப் போய் ஆர்கானிக் சொல்லித்தரும் முன்

சிறுதானியத்துக்கு மவுசு கூடியதும், பழங்குடி ஊர்களில் இயற்கை வேளாண்மைக் குழு அமைக்கப் பலர் கிளம்பிவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உரமூட்டையே ஏறாத மேட்டுக்காட்டில் போய் பஞ்சகவ்ய வகுப்பு எடுப்பது கொஞ்சம் வேடிக்கை. அந்தமான் நிக்கோபாரின் கார் நிக்கோபார், நான்கௌரி தீவுகளில் 14,491 ஹெக்டேருக்கு 2021இல் மொத்தமாக இயற்கை வேளாண் சான்று தந்தார்கள். தலைமுறைகளாக ரசாயனம் தொடாத மண் அது. ஏற்கெனவே இருந்ததற்கு ஒரு காகிதம் வந்தது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய தவறு, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்காமல் சான்றிதழ் பேசுவது. விண்ணப்பத்தில் நில விவரம் கேட்பார்களே! தாத்தா காலத்திலிருந்து உழுதாலும், ஆவணத்தில் அது காப்புக்காடு என்றால் அந்தக் குடும்பம் அங்கேயே தடுக்கி நிற்கும். முதல் வேலை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்தான். 13.12.2005க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பயிர் செய்யும் பழங்குடியினர், தாங்கள் உழுகிற அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் வரும். பிள்ளைகளுக்குச் சேரும், விற்க முடியாது.

"எங்ககிட்ட ஒரு காகிதமும் இல்லையே" என்று பின்வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம், நிலத்தில் போட்ட வரப்பு எல்லாமே சான்றுதான். ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டாவது சேர்த்துக் கொடுங்கள், போதும்.

தனிப் பத்திரத்தோடு நின்றுவிடுவதும் சரியில்லை. தேன், கிழங்கு, காட்டுக் கீரையெல்லாம் வயலில் விளைவதில்லை. சிறு வன மகசூலுக்கும் காட்டைக் காக்கவும் ஊருக்கே பொதுவான சமூக உரிமையைத் தனியாகக் கேட்க வேண்டும், கிராம சபை வழியாக.

அப்புறம் இன்னொரு தவறு, எல்லாவற்றையும் சந்தைக்கு ஏற்றுவது. கொல்லிமலையில் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது சாமையும் தினையும் சுருங்கின. நகரத்துக் கடை கேட்கிற ஒரே பயிரை மலை முழுக்கப் போட்டால், ஆர்கானிக் முத்திரை இருந்தாலும் கதை அதேதான். வீட்டுக் குதிருக்கு எடுத்ததுபோக மிச்சம்தான் விற்பனைக்கு.

விதையும் அப்படியே. சேமித்த விதையை, வணிகப் பெயர் முத்திரையிடாமல் மாற்றிக்கொள்ள, விற்க விவசாயிக்கு 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டமே இடம் தருகிறது. வாங்குபவரின் ஒப்பந்தத்தில் 'நாங்கள் தரும் விதை மட்டும்' என்று ஒரு வரி இருந்தால், கையெழுத்துக்கு முன் அதை ஊர் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.